அறையும் மௌனமும்: ஒலிப்பதிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிப்புத்தகம், குறும்பட டப்பிங், வீட்டுக் கச்சேரி என்று பல வருடமாக மைக்கோடு அலைகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது எந்த மைக் வாங்கலாம் என்றுதான். அதற்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே நான் பேச நினைப்பது மைக்கைச் சுற்றியிருக்கும் இரண்டைப் பற்றி: அறை, அப்புறம் யாரும் பேசாத நேரம். பலர் இந்த இரண்டையும் ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்கள். எனக்கு இரண்டும் வாத்தியங்கள். வாசிக்கத் தெரிந்தால் மலிவான மைக்கிலும் நல்ல பதிவு வரும்.

பாத்ரூமில் பாடினால் குரல் அற்புதமாக இருக்கிறது. அதையே போனில் பதிவு செய்தால் ஏன் சகிக்கவில்லை?

நேரில் கேட்கும்போது இரண்டு காதும் மூளையும் சேர்ந்து உங்களுக்காக ஒரு வேலை செய்கின்றன. வாயிலிருந்து நேராக வரும் ஒலிக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் இடைவெளி சில மில்லி விநாடிதான். முதலில் வந்ததை மூளை பிடித்துக்கொள்கிறது; பின்னால் வருவதைத் தனிச் சத்தமாகக் காட்டாமல் அதோடு சேர்த்துவிடுகிறது. ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வில் இதை விரிவாக அளந்து எழுதினார். இன்றும் ஹாஸ் விளைவு என்றுதான் சொல்கிறோம். போனில் இருக்கும் மைக்குக்கு இந்த வேலை தெரியாது. குரலும் டைல்ஸும் அதற்கு ஒன்றுதான், இரண்டையும் ஒரே கரைசலாக்கிக் கொடுத்துவிடும்.

அதற்காகப் பாத்ரூமை ஒதுக்கிவிட வேண்டாம். 1947-இல் சிகாகோவில் பில் பட்னம் என்ற பொறியாளர் ஹார்மோனிகாட்ஸ் என்ற மௌத் ஆர்கன் குழுவைப் பதிவு செய்தபோது, ஸ்டுடியோ பாத்ரூமுக்குள் ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வைத்தார். வாசிப்பு ஸ்டுடியோவில் நடந்தது. அதன் ஒலியைப் பாத்ரூமுக்கு அனுப்பி, அங்கே கிடைத்த முழக்கத்தைத் தனியாக எடுத்து, வேண்டிய அளவு கலந்துகொண்டார். பாத்ரூமுக்குள் நின்றே பாடிவிட்டால் அப்புறம் பிரிக்க வழியில்லை. தனியாக எடுத்தால், குழம்புக்கு உப்புப் போடுவதுபோல, அளவு நம் கையில்.

என் அறை எப்படிப்பட்டது என்று கருவி இல்லாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். கையும் தொண்டையும் போதும்.

அறையின் நடுவில் நின்று பலமாக ஒரு முறை கைதட்டுங்கள். 'டப்' என்று அடங்கினால் நல்லது. 'டப்ர்ர்ர்' என்று கம்பி அதிர்வதுபோல ஒரு வால் கேட்டால், எதிரெதிரான இரண்டு வெற்றுச் சுவர்களுக்கிடையே ஒலி பந்து மாதிரி போய்ப் போய் வருகிறது என்று அர்த்தம். சுவர்களுக்கிடையே பத்தடி என்றால் ஒருமுறை போய்வர 18 மில்லி விநாடி. அதாவது விநாடிக்கு ஐம்பத்தைந்து தடவைக்கு மேல். தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். புத்தக அலமாரிக்கு எதிரே வந்ததும் அந்த வால் காணாமல் போகும். அங்கே நின்று பேசுங்கள்.

அடுத்தது தொண்டை. மூலையைப் பார்த்து நின்று, கீழ் ஸ்தாயியிலிருந்து 'ம்ம்ம்' என்று மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். ஏதோ ஓரிடத்தில், நீங்கள் பலம் கொடுக்காமலே சத்தம் வீங்கும். அதுதான் அந்த அறையின் சுருதி. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பத்துக்குப் பத்து அறைதான். அதில் என்ன குறை?

நீளம் பத்தடி, அகலம் பத்தடி, பல வீடுகளில் உயரமும் பத்தடி. குடியிருக்கப் போதுமான அறைதான். ஆனால் ஒலிக்கு இதைவிடச் சங்கடமான வடிவம் கிடையாது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அந்த வேகத்துக்கு, பத்தடி இடைவெளியில் 56 ஹெர்ட்ஸும் (விநாடிக்கு 56 அதிர்வு) அதன் மடங்குகளான 112, 168 ஹெர்ட்ஸும் பலம் பெறும். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுவேறாக இருந்தால் இந்த வீக்கம் பல சுருதிகளுக்குப் பிரிந்துபோகும். மூன்றும் ஒன்றானால் ஒரே இடத்தில் வந்து குவியும்.

ஆண்குரலின் அடிச்சுருதி பேச்சில் 112-ஐச் சுற்றித்தான் நடமாடுகிறது. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்பது இதனால்தான். ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சட்ஜம் 131 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வரும் மந்திர ஸ்தாயி சதுஸ்ருதி தைவதம் என்ற ஸ்வரம் 110-ஐ ஒட்டி வரும். இந்த அறையில் அந்தத் தைவதம் மட்டும் ஒவ்வொரு முறையும் அண்டாவைத் தட்டினாற்போல் வீங்கும். பாவம், அவர் தன் குரலில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடுவார். ஆளையும் மைக்கையும் இரண்டடி நகர்த்தினாலே பாதி சரியாகும். நட்ட நடுவும் வேண்டாம், மூலையும் வேண்டாம். ஒரு சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இது ஒரு பாதி. இன்னொரு பாதி எதிர்முழக்கம், ஒலி சுவர்களில் பட்டுப் பட்டு அடங்காமல் நீடிப்பது; நாம் ரிவெர்ப் என்று சொல்வது. அதை அளக்கச் சொல்லிக்கொடுத்தவர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. சபைன் அப்போது இளம் இயற்பியல் ஆசிரியர். அருகிலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து போட்டு, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு, அது காதுக்குக் கேட்காமல் அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தையைக் கூட்டினார், திரும்பவும் அளந்தார். காலைக்குள் மெத்தைகள் தியேட்டருக்குத் திரும்பிவிட வேண்டும். இப்படிப் பல இரவுகள்.

அதிலிருந்து வந்த கணக்கு எளிமையானது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சலால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நேரம் கிடைக்கும். உறிஞ்சலுக்கு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் எனக்கு மிகவும் பிடிக்கும்: திறந்த சன்னல். அதன் வழியே வெளியே போன ஒலி திரும்பாது. அதனால் ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் என்றால் முழுசாக 1.

நம் அறைக்குப் போட்டுப் பார்ப்போம். கன அளவு 28 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்து 56 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸும் விழுங்குவது நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால், முழக்கம் 2.7 விநாடி. அதே அறைக்குள் இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரில் சாய்த்து, கெட்டித் திரை தொங்கவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, உறிஞ்சலை எட்டுச் சதுர மீட்டர் கூட்டினால் அரை விநாடிக்கும் கீழே வந்துவிடும். செலவு ஒன்றும் இல்லை. ஒரு விஷயம்: திரைச்சீலை 56-ஐயும் 112-ஐயும் தொடாது. அவற்றுக்குக் கனமான மெத்தைதான், அதுவும் மூலையில்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். மேல் சுருதிகளைக் கொஞ்சம் கலைக்கும், அவ்வளவுதான். தெருச் சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. ஒலியை உறிஞ்சுவது வேறு, உள்ளே வராமல் தடுப்பது வேறு. தடுக்கக் கனமும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். அட்டையில் இரண்டும் இல்லை. தீப்பிடித்தால் ஆபத்தும்கூட.

மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வாயிலிருந்து நேராக வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபெல் குறையும். அறையின் முழக்கமோ எங்கே நின்றாலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஆக, இரண்டும் சமமாகும் தூரம் ஒன்று எல்லா அறையிலும் உண்டு. அதற்குள் மைக் இருந்தால் ஆள் முன்னால், அறை பின்னால். தாண்டிப் போனால் அறை முன்னால். மேலே சொன்ன வெற்று அறைக்கு இந்தத் தூரம் சுமார் 18 செ.மீ.; ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மெத்தை போட்ட அறைக்கு 44 செ.மீ., அதாவது ஒரு முழம். எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்குக்கு இந்தக் கணக்கு. முன்பக்கம் மட்டும் அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக் என்றால் இதைப்போல் 1.7 மடங்கு தள்ளிப் போகலாம்.

சாண், முழம் என்று கையால் அளக்கும் பழக்கம் நமக்கு இருப்பது நல்லதாகப் போயிற்று. டேப் தேட வேண்டாம். அரைச் சாணில் பேசினால் காதோடு ரகசியம் சொல்வது. ஒரு சாண், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது. ஒரு முழம், எதிரே உட்கார்ந்து பேசுவது. அறையின் அந்தக் கோடியிலிருந்து பேசினால், கேட்பவர் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பதுபோல் ஆகிவிடும். இந்தத் தூரங்களைச் சும்மா ஒலி அளவைக் கூட்டிக் குறைத்துக் கொண்டுவர முடியாது. கதையில் அம்மா அடுக்களையிலிருந்து "சாப்பிட வாடா" என்று கூப்பிட்டால், நடிக்கும் அக்காவை நிஜமாகவே அடுக்களைக்கு அனுப்புங்கள். அவர் கொஞ்சம் கத்த வேண்டியிருக்கும். கத்தும்போது குரலின் தன்மையே மாறும். அது அடுக்களைச் சுவரில் பட்டு, கதவு வழியே நுழைந்து, ஹாலைத் தாண்டி மைக்குக்கு வரும். கேட்பவருக்கு வீட்டின் வரைபடமே மனதில் விழுந்துவிடும். ஒரு வரி வர்ணனை மிச்சம்.

தூரத்தையே பாட்டாக்கியதற்கு ஒரு சான்று. 1977-இல் பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாடலுக்குக் குரல் எடுக்கும்போது, தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி அந்தப் பெரிய கூடத்தில் மூன்று மைக் வைத்தார். முதலாவது ஒன்பது அங்குலத்தில், நம் சாண். இரண்டாவது இருபதடி தள்ளி. மூன்றாவது ஐம்பதடி தள்ளி. தள்ளி இருந்த இரண்டுக்கும் கேட் போட்டிருந்தார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் வந்தால்தான் அவை திறக்கும். மெதுவாகப் பாடும்வரை சாண் மைக் மட்டும். குரல் உயர்ந்ததும் இருபதடி திறக்கிறது. கத்தும்போது கூடம் முழுவதும் திறந்துகொள்கிறது. பாடுபவர் எவ்வளவு பலம் கொடுக்கிறாரோ அந்த அளவுக்கு அறை வளர்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஃபேன், ஃபிரிட்ஜ், தெரு... சத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நகரத்தில் அதிகாலை மூன்றிலிருந்து நாலரை வரை நல்ல நேரம். அதற்கப்புறம் குயில் எழுந்துவிடும். கோடைக்காலத்தில் நாலரைகூடக் கிடைக்காது. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவி எடுக்கப் போகும்போது திரும்பப் போட ஞாபகம் வரும். பல ஒலிப்பதிவாளர்களின் பழக்கம் இது, எத்தனையோ வீட்டுப் பாலைக் காப்பாற்றியிருக்கிறது. இன்வெர்ட்டர், சார்ஜர், டியூப்லைட்டின் சோக் ஆகியவற்றின் ரீங்காரத்தைத் தூரத்தில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ரீங்காரம் 50, 100, 150 என்று குரலுக்கு அடியிலேயே வந்து உட்காரும்.

பல்லிக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. அது சொன்னால் அந்த வரியைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

ரூம் டோன் என்கிறார்களே, அது என்ன?

பதிவு முடிந்ததும், மைக்கையோ ஆட்களையோ நகர்த்தாமல், எல்லோரும் வாய்மூடி ஒரு நிமிடம் அறையை மட்டும் பதிவு செய்வது. எடிட்டில் ஒரு தும்மலை வெட்டினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். அதை அடைக்க அதே அறையின் அதே மௌனம் வேண்டும். வேறு அறையின் மௌனம் ஒட்டாது. சட்டைக்கு வேறு துணியில் ஒட்டுப் போட்டதுபோல் தெரியும்.

ஓட்டையை அப்படியே விட்டால் என்ன என்று கேட்பீர்கள். முழுச் சூன்யத்தைக் காது நம்பாது. டிஜிட்டல் தொலைபேசி அமைப்புகளில் எதிராளி பேசாத நேரத்தில் வேண்டுமென்றே மெல்லிய இரைச்சல் ஒன்றைச் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்தத் தொடங்கிவிடுவோம். உங்கள் ஒலிப்புத்தகத்திலும் சூன்யம் வந்தால் கேட்பவர் கதையை விட்டுவிட்டுப் போனைப் பார்ப்பார்.

மௌனத்தைப் படைப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

கரண்ட் போகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஃபேன் மெதுவாகச் சுற்றி நிற்கிறது. ஃபிரிட்ஜ் ஒரு குலுக்கலோடு அடங்குகிறது. அந்த நொடிதான், இத்தனை நேரம் இவை சத்தம் போட்டுக்கொண்டிருந்தன என்பதே தெரிகிறது. அப்புறம் ஒவ்வொன்றாக வருகின்றன: பக்கத்து வீட்டுக் குழந்தை, தூரத்து நாய், யாரோ குழாயடியில் குடம் வைக்கும் ஓசை, நம் சொந்த மூச்சு. இதில் ஒலிப்பதிவுக்கான பாடம் முழுவதும் இருக்கிறது. மௌனம் கேட்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஏதோ ஒன்று நிற்க வேண்டும்.

ஒரு ஒலிநாடகத்தில் கணவன் இறந்த செய்தி வரும் காட்சி. எழுதியவர் அங்கே சோக இசை கேட்டிருந்தார். நான் காட்சியின் தொடக்கத்திலிருந்தே ஒரு ஃபேன் சத்தத்தைப் போட்டேன். 'டக் டக்' என்று ஒரு பக்கம் இடறும் பழைய ஃபேன். மூன்று நிமிடம் அது ஓடியது, யாரும் கவனிக்கவில்லை. செய்தி சொல்லப்பட்டதும் ஃபேனை நிறுத்தினேன். கரண்ட் போனதாகக் கதையில் ஒரு வார்த்தையும் கிடையாது. அதற்கப்புறம் ஆறு விநாடி ரூம் டோன் மட்டும். எழுதியவர் முதல்முறை கேட்டுவிட்டு, இசை வேண்டாம் என்று அவராகவே சொன்னார்.

ஆறு விநாடி என்பது எடிட் மேசையில் பார்க்கும்போது பயங்கர நீளமாகத் தெரியும். திரையில் ஒலியின் அலைக்கோடு தட்டையாகக் கிடப்பதைப் பார்த்தே கை வெட்டப் போகும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு வழி, முழக்கத்தை நடுவில் அறுப்பது. ஒரு சொல்லைப் பெரிய கூடத்தில் சொல்லவைத்து, அதன் வால் அடங்குமுன்னே வெட்டி, மெத்தை அறையின் நெருக்கமான மௌனத்துக்குத் தாவுங்கள். கனவிலிருந்து விழித்ததுபோல் இருக்கும். ஒரு பதிவுக்கு ஒரு தடவை போதும்.

மூச்சுச் சத்தங்களை எல்லாம் வெட்டிவிடலாமா?

எல்லாவற்றையும் வெட்டினால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். பலமாக இழுப்பதை மட்டும் 6 டெசிபெல் குறையுங்கள். அழுகைக்கு முந்தைய மூச்சில் கையே வைக்காதீர்கள்.

இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேர் இருக்கும்போது இவ்வளவு கவலை எதற்கு?

என் அப்பத்தா கதையைச் சொல்கிறேன். ஊரில் எங்களுடையது முற்றம் வைத்த ஓட்டு வீடு. திண்ணையைத் தாண்டியதும் வானம் தெரியும். ஒருநாள் சாயங்காலம் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து அப்பத்தா தாலாட்டுப் பாட, போனில் பதிவு செய்தேன். சுவர்க்கோழி சத்தம், மாட்டின் கழுத்துமணி, யாரோ வாளியை இழுக்கும் ஓசை எல்லாம் அதில் இருந்தன. அவர் இறந்து சில மாதம் கழித்து அதைச் 'சுத்தம்' செய்தேன். இரைச்சல் போனது, எதிரொலி போனது, குரல் மட்டும் பளிச்சென்று நின்றது. பெருமையாக அத்தைக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு அத்தை சொன்னது: "அம்மா குரல்தான்டா. ஆனா எங்கயோ வெளியூர்ல இருந்து பேசுற மாதிரி இருக்கு."

சரியாகச் சொன்னார். அந்த முற்றம்தான் போயிருந்தது. சபைனின் கணக்கில் முற்றம் என்பது கூரையில் வைத்த மாபெரும் திறந்த சன்னல். மேலே போன ஒலி திரும்பாது. சுற்றியுள்ள சுவரும் தூணும் மட்டும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். அதனால் அங்கே குரல் வறண்டும் இருக்காது, முழங்கவும் முழங்காது. அந்த வீடு இப்போது இல்லை. நல்லவேளை, மூலப் பதிவை நான் அழிக்கவில்லை. அத்தைக்கு அதைத் திரும்ப அனுப்பினேன்.

சாஃப்ட்வேரைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். பாதி அளவோடு நிறுத்துங்கள். மூலத்தை எப்போதும் தனியாக வையுங்கள்.

பெரிய கூடம் கிடைக்காது. நல்ல முழக்கத்துக்கு எங்கே போவது?

அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி. உண்மையிலேயே அருமையான இடம். வெற்றுச் சுவர், மொசைக் படி, மேலே உயரம். ஆனால் படிகள் வளைந்து ஏறுவதால் இரண்டு சுவர்களுக்கிடையே அந்த 'டப்ர்ர்ர்' வராது.

குரலை முதலில் மெத்தை அறையில் வறண்டதாகப் பதிவு செய்யுங்கள். அப்புறம் ஆள் நடமாட்டம் அடங்கிய நேரத்தில் (பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு) ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கீழ்த்தளத்தில் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். மைக்கை இரண்டு மாடி மேலே, கைப்பிடிக்கு வெளியே நீட்டிக் கட்டுங்கள். குரலை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். மேலே வந்து சேரும்போது சொற்கள் தெளிவிழந்து ஒரு மேகம்போல் இருக்கும். அந்த மேகத்தை மூலக் குரலுக்கு அடியில் கொஞ்சமாக வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 20, 30 மில்லி விநாடி தள்ளிவிட்டால் சொல்லும் தெளியும், இடமும் பெரிதாகும். பட்னம் பாத்ரூமில் செய்தது இதேதான்.

காலியான தண்ணீர்த் தொட்டி, மண்பானை, பழைய கிணறு எல்லாவற்றையும் முயன்று பாருங்கள். கிணற்றில் மைக்கைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள், நீங்கள் இறங்காதீர்கள். பாழுங்கிணற்றுக் காற்று ஆளைக் கொல்லும்.

கம்ப்யூட்டர் ரிவெர்ப் போதாதா?

பல வேலைகளுக்குப் போதும். அதில் ஒருவகை எனக்குப் பிடித்தது: ஓர் இடத்தில் பலூனை உடைத்தோ தட்டியோ, அந்த இடம் அதற்குக் கொடுக்கும் பதிலைப் பதிவு செய்து, அதை எந்தக் குரலுக்கும் போர்த்துவது. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா என்ற பழைய பெரிய மண்டபத்தில் முழக்கம் பத்து விநாடிக்கும் மேல் நீடிக்கும். அங்கே பாட்டுக்கு அனுமதி இல்லாத காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் உள்ளே பலூன் உடைத்துப் பதிவு செய்து கொண்டுபோய், தங்கள் ஊரில் கப்பெல்லா ரொமானா என்ற பாடகர் குழுவினரைப் பழைய பைசாந்தியப் பாடல்களைப் பாடவைத்தார்கள். அந்த மண்டபத்தின் முழக்கம் பாடகர்களைச் சுற்றி ஒலித்தது. அவர்கள் அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துப் பாடினார்கள் என்பதுதான் முக்கியம். அறை பாடுபவரை மாற்ற வேண்டும். பாடி முடித்த பிறகு ரிவெர்ப் ஒட்டினால் இது நடக்காது. ஆகவே பாடும்போதே ஹெட்போனில் கொஞ்சம் முழக்கம் கொடுங்கள்.

காலியான கல்யாண மண்டபத்துக்குப் போகும் வாய்ப்பு வந்தால் இரண்டு பலூன் கொண்டுபோங்கள்.

நாகஸ்வரத்தை வீட்டில் பதிவு செய்தால் ஏன் காதைக் கிழிக்கிறது?

தெருவுக்கும் கோயில் பிராகாரத்துக்கும் வளர்ந்த வாத்தியத்தை அறைக்குள் அடைத்தால் அப்படித்தான் இருக்கும். அதற்கு வானம் வேண்டும். அனுமதி கிடைத்தால் கல்மண்டபத்தில் எடுங்கள். கருங்கல் ஒலியை விழுங்காது. ஆனால் வரிசையான தூண்களும் சிற்பங்களும் ஒலியைப் பல திசைக்குச் சிதறடிக்கும், திறந்த பக்கங்கள் மிச்சத்தை வெளியே விட்டுவிடும். மைக் ஆறேழு அடிக்கு மேல் தள்ளி, சீவாளிக்கும் (வாயில் வைத்து ஊதும் நாணல்) அணசுக்கும் (அடியில் விரியும் பகுதி) நடுவே பார்த்தபடி இருக்கட்டும். தவில்காரருக்கு இடையில் நிறைய இடம் விடுங்கள். மண்டபம் கிடைக்காவிட்டால் மொட்டை மாடி. அறையைவிட எவ்வளவோ மேல்.

என்னிடம் ஒரே ஒரு மைக்தான் இருக்கிறது. அறையைத் தனியாக எடுக்க முடியுமா?

போன் இருக்கிறதே. அதை அறையின் மறுகோடியில் வைத்து ஓடவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒன்று. எடிட்டில் இரண்டையும் பொருத்த உதவும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. அரைமணி நேரப் பதிவில் கடைசியில் கொஞ்சம் விலகியிருக்கும். நடுவில் வெட்டிச் சரிசெய்யுங்கள். போனின் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்க விடும் ஆப்பாகப் பாருங்கள். அந்த இரண்டும் வேலை செய்தால் நாம் தேடிப்போன அறையையே அவை துடைத்துவிடும்.

அறை தானாகவே பாடும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969-இல் செய்துகாட்டினார். ஓர் அறையில் உட்கார்ந்து சில வாக்கியங்கள் பேசிப் பதிவு செய்தார். அதை அதே அறையில் ஒலிக்கவிட்டுத் திரும்பப் பதிவு செய்தார். அதையும் ஒலிக்கவிட்டு இன்னொரு தடவை. ஒவ்வொரு சுற்றிலும் அறைக்குப் பிடித்த சுருதிகள் வலுத்து, மற்றவை கரைந்து, கடைசியில் பேச்சே இல்லாமல் மணிகள் ஒலிப்பதுபோல் ஆகிவிடும்.

வாடகை வீடு ஒன்றைக் காலி செய்த அன்று இதை நானும் செய்தேன். பீரோ, கட்டில் எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. வெற்று அறையில் என் மகள் தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொன்னாள். ஐந்தாவது சுற்றில் தெருப் பெயர் கரைந்தது. ஒன்பதாவதில் அவள் குரல் என்று அடையாளம் தெரியவில்லை, அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்ன தாளம் மட்டும் மிச்சம். பதினைந்தாவதில் ஒரே ஒரு நீண்ட சுருதி, மேலே மெல்லிதாக இன்னொன்று. "இது யாருப்பா பாடுறது?" என்று கேட்டாள்.

நீங்கள் செய்யும்போது சத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுருதி ஏறிக்கொண்டே போகும், கவனிக்காவிட்டால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும்.